செவலையிடம் பால் குடிக்கும் காட்டுமாட்டுக் கன்று

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் கிராமம். நாலு மாடு, ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் பூண்டும். போன மாசி மாதம் மேய்ச்சலுக்குப் போன மாடுகளோடு ஒரு காட்டுமாட்டுக் கன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தொப்புள்கொடி காய்ந்திருந்தது, விழவில்லை. எங்கள் செவலைப் பசுவின் கன்று அதற்கு நாலு நாள் முன்புதான் கழிச்சலில் செத்திருந்தது. செவலை இதை நக்கிக்கொடுத்து மடியில் சேர்த்துக்கொண்டது. காளைக்கன்று. மாசி என்றே பேர் வைத்துவிட்டோம்.

இப்போது ஆடி. இரண்டு மாதமாகச் சாயங்காலம் காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று தோட்டத்துக்கு மேலே பைன் மர ஓரத்தில் வந்து நிற்கிறது. ஒரு பசு மட்டும் முன்னால் வந்து குரல் கொடுக்கிறது. இவன் பாதி தூரம் ஓடுவான். செவலை இங்கிருந்து கத்தினால் திரும்பிவிடுவான். போன வாரம் கூட்டத்தோடு போனவன் இரண்டு ராத்திரி வரவில்லை. மூன்றாம் நாள் விலாவில் சிராய்ப்போடு, இடது காது நுனி கிழிந்து, கொட்டகை வாசலில் நின்றான். வீடு தேடி வந்ததை விரட்டக் கூடாது என்கிறார் மாமியார். கோயிலுக்கு விட்டுவிடலாம் என்கிறார்கள் ஊரில். கேஸ் ஆகிவிடும், துரத்து என்கிறார் கொழுந்தனார். வனக்காவலர் வந்து பார்த்து, கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வயசுப் பையன், "அவன் போய்ட்டா நம்மள மறந்துடுவானா" என்று கேட்டு அழுகிறான். கட்டி வைப்பதா, துரத்துவதா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்டவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். செவலையை அவனிடமிருந்து பிரிக்கவும் வேண்டாம். அவனிடமிருந்து பிரிய வேண்டியவர்கள் நீங்கள்தான். நீங்கள், பையன், மாமியார், வீட்டில் நாய் இருந்தால் அதுவும். இது கேட்கக் கடுமையாக இருக்கும். ஏன் சொல்கிறேன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன், அதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அவன் உங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. காட்டுமாடு கன்று போடும் சமயத்தில் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போகும். பிறந்த கன்றைப் புல்லிலோ புதரிலோ படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். தொப்புள்கொடி காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்கிறது. அவனுக்கு அப்போது சில நாள் வயசு. அதுவரை ஒருத்தி அவனுக்குப் பால் கொடுத்திருக்கிறாள். சீம்பாலும் அவளிடம்தான் குடித்திருக்கிறான். உங்கள் செவலை ஈன்று நாலைந்து நாள் தாண்டியிருந்தால் அதன் மடியில் சீம்பால் இருந்திருக்காது. சீம்பால் குடிக்காத கன்று இந்த மலைக் குளிரில் பெரும்பாலும் தேறாது. ஆக, அவன் அனாதையாக வந்தவன் இல்லை. தாய் மேயப் போன நேரத்தில் உங்கள் மாடுகள் அந்தப் பக்கம் வந்திருக்கும், பால் வாசனைக்கு எழுந்து பின்னால் நடந்திருப்பான். நாய் ஏதாவது குரைத்துக் கிளப்பியிருக்கலாம். அவள் திரும்பி வந்து தேடியிருப்பாள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இன்னொரு வீட்டில் இப்படி நடந்தால், அன்று சாயங்காலமே அதே இடத்தில் கன்றை விட்டுவிட்டு எல்லாரும் தூரமாக விலகி நிற்க வேண்டும் என்று ஊரில் சொல்லி வையுங்கள். மான் குட்டி, காட்டுமாட்டுக் கன்று இரண்டுக்கும் இதுவே பொருந்தும். தனியாகப் படுத்திருக்கும் குட்டி கைவிடப்பட்ட குட்டி என்று நினைத்துத் தூக்கி வந்துவிடுகிறார்கள். கால்நடை மருத்துவனாக என் வேலைக்காலத்தில் என்னிடம் வந்து சேர்ந்த "அனாதைக் குட்டிகளில்" பாதிக்கு மேல் இப்படி நல்ல மனசால் அனாதையானவைதான்.

அடுத்து செவலை. பசுவுக்குத் தன் கன்று எது என்பது ஈன்ற சில மணி நேரத்துக்குள் நக்கி நக்கி மூக்கில் பதிகிற விஷயம். அதன் பிறகு வேறு கன்று மடிக்கு வந்தால் உதைக்கும். கன்று செத்த பசுவைக் கறக்க, தோலை உரித்து வைக்கோல் திணித்து தோல்கன்று செய்து முன்னால் நிறுத்துவார்களே, அது வாசனையை நம்பிச் செய்கிற தந்திரம். உங்கள் செவலைக்கு மடி கனத்து, நக்க ஒன்றும் இல்லாமல் இருந்த நாலாம் நாள் இவன் வந்து நின்றான். அதிர்ஷ்டம் என்றால் அதுதான். புட்டிப்பாலில் நீங்கள் வளர்த்திருந்தால் நான் இப்போது இன்னும் பயந்திருப்பேன். மாட்டிடம் பால் குடித்து மாட்டோடு படுத்து வளர்ந்ததால், தான் மாட்டு ஜாதி என்பதாவது அவனுக்குத் தெரியும். செவலை அவனுக்குச் செய்தது பெரிய உபகாரம். அது இன்னும் முடியவில்லை.

நீலகிரியில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் கடமான் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தார்கள். சமையலறை வரை வரும், குழந்தைகள் மடியில் தலை வைத்துப் படுக்கும். பார்க்க அழகுதான். மூன்றாவது வருஷம் கொம்பு முற்றிய பருவத்தில், தினமும் அதற்குத் தீனி வைத்த தோட்டக்காரரையே சுவரோடு சேர்த்துக் குத்தியது. தொடையில் கொம்பு இறங்கி, அவர் பிழைத்ததே பெரிது. மனுஷனைக் கண்டு பயப்படாமல் வளர்கிற ஆண் விலங்கு, பருவம் வந்ததும் மனுஷனைத் தன் இனத்துப் போட்டியாளாகப் பார்க்கும். வீட்டு மாட்டிலேயே, தனியாகக் கைவளர்ப்பில் வளர்ந்த காளை, கூட்டத்தோடு வளர்ந்ததைவிட ஆள்மேல் அதிகம் பாயும். பால் வியாபாரிகளுக்கு இது தெரியும். வளர்த்த பாசம் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பாசம்தான் அதன் பயத்தைப் போக்கியது.

மாசி பிறக்கும்போது இருபது, இருபத்தைந்து கிலோ இருந்திருப்பான். இன்றைக்கு உங்கள் பையன் கழுத்தைக் கட்டிக்கொள்கிற உயரம். முழுக் காளையானால் ஆயிரம் கிலோ வரை போவான், தோள் ஆறடி. அந்தக் காளை உங்கள் கொட்டகை வாசலைத் தன் வீடு என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்பதை யோசித்துப் பாருங்கள். கொடைக்கானல் டவுனுக்குள் காட்டுமாடு வந்து ஆளை முட்டுகிற செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள்.

(செய்தித்தாளில் எல்லாம் காட்டெருமை என்றே போடுகிறார்கள். எருமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது மாட்டினம். நீங்கள் காட்டுமாடு என்று எழுதியதே சரி. சங்க காலத்தில் இதற்கு ஆமா, ஆமான் என்று பேர்.)

ஆமான் என்றதும் நினைவு வருகிறது. குறுந்தொகையில் உங்கள் கதையே ஒரு பாட்டில் இருக்கிறது. வேட்டைக்காரர் போட்ட சத்தத்தில் மிரண்டு, கூட்டத்தைப் பிரிந்த ஆமான் கன்று ஒன்று காட்டை ஒட்டிய சிற்றூருக்குள் வந்துவிடுகிறது. ஊர் இளைஞர்கள் அதைப் பேணி வளர்க்கிறார்கள். அதுவும் பழகி, அங்கேயே விரும்பி, வீட்டில் வாழப் பழகிவிடுகிறது. பழகியதைவிட இனியது உண்டா என்று ஒரு பெண் தன் தோழியிடம் சொல்கிறாள். ஆனால் கவனியுங்கள், அவள் பேசுவது தன்னைப் பற்றி. காதலன் ஊருக்குப் போகலாம் வா, புது இடம் என்றாலும் பழகிவிடும் என்பதற்காகக் கன்றை இழுத்தாள். பழகிய கன்று பெரிய காளையான பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டிய தேவை அந்தப் பாட்டுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

சரி, அந்தக் கூட்டத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது இந்தப் பகுதிதான்.

குரல் கொடுக்கும் பசு அவனைப் பெற்றவளா என்று கேட்டிருந்தால், இருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஐந்து மாதமாகக் கன்று வாய் வைக்காததால் அவளுக்குப் பால் வற்றியிருக்கும். பெற்றவளோ, சித்தியோ, யாராக இருந்தாலும் இப்போது அவன் தேவைக்கு வித்தியாசமில்லை. காட்டுமாட்டுக் கூட்டம் யானைக் கூட்டம் மாதிரி ஒரே குடும்பமாக இறுகிக் கிடப்பதில்லை. பசுக்களும் கன்றுகளும் ஒரு மூத்த பசுவின் பின்னால் போகும். சில நாள் இரண்டு கூட்டம் சேரும், பிறகு பிரியும். பெரிய காளைகள் வரும், போகும். இந்தத் தளர்வுதான் மாசிக்குத் திறந்திருக்கிற வாசல். யானைக்குட்டியைக் கூட்டத்தோடு சேர்க்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மனுஷ வாடை போகட்டும் என்று அந்தக் கூட்டத்துச் சாணத்தையும் சேற்றையும் குட்டிமேல் பூசி, ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து, காலையில் அது எங்கள் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிவந்த நாட்கள் உண்டு. உங்களிடம் அந்தக் கூட்டம் தானாக வந்து நிற்கிறது. அதுவும் இரண்டு மாதமாக.

விலாச் சிராய்ப்பையும் கிழிந்த காதையும் பார்த்து, அவர்கள் அவனை அடித்து விரட்டிவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் மாடுகளிலேயே பாருங்கள், புதுக் கன்று ஒன்று தீனித் தொட்டிக்கு வந்தால் பெத்த தாயைத் தவிர எல்லாம் ஒரு முட்டு முட்டும். அது வரிசை கற்றுக்கொடுக்கிற முட்டு. வேண்டாம் என்று முடிவு செய்த காட்டுமாடு முட்டியிருந்தால் அவன் நடந்து வந்திருக்க மாட்டான். இரண்டு ராத்திரி பால் இல்லாமல், கூட்டத்தோடு படுத்து, மேய்ந்து, உயிரோடு வந்திருக்கிறான். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வந்ததற்குக் காரணம் பால். ஐந்து மாதத்தில் இரைப்பை புல்லைச் செரிக்கத் தயாராகிவிடும். இனிமேல் பால் அவனுக்குப் பாதி உணவு, பாதிப் பழக்கம். காட்டில் ஏழு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பால் மறந்துவிடும். நாள் போகப் போக செவலையின் இழுப்பு குறையும், கூட்டத்தின் இழுப்பு கூடும், நீங்கள் நடுவில் புகாமல் இருந்தால்.

நடுவில் புகாமல் இருப்பது எப்படி? தவிடு, புண்ணாக்கு, உப்பு மூன்றையும் அவன் கண்ணில் காட்டாதீர்கள். முக்கியமாக உப்பு. உப்புக்காக மட்டுமே வருஷக்கணக்கில் ஒரே வாசலைச் சுற்றி வரும் விலங்குகளைப் பார்த்திருக்கிறேன். தொடாதீர்கள், சொறிந்து கொடுக்காதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். காயத்தில் மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். சீழோ புழுவோ தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்களின் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். ராத்திரி அவனைக் கொட்டகைக்குள் அடைக்காதீர்கள். செவலையைச் சாயங்காலம் சீக்கிரம் ஓட்டி வராமல், கூட்டம் வந்து நிற்கும் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே நீளக் கயிற்றில் மேய விடுங்கள். கயிறு செவலைக்கு மட்டும். அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள், கூட்டமும் பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் அவன் இன்னும் நாலடி மேலே போவான். இருட்டுவதற்குள் செவலையைக் கூட்டி வந்துவிடுங்கள், சிறுத்தை நடமாட்டம் இருக்கிற இடம். அவன் கூட வந்தால் வரட்டும், வராவிட்டால் தேடிப் போகாதீர்கள். அப்புறம், செவலை பருவத்துக்கு வந்தால் சினை ஊசி போடத் தயங்க வேண்டாம். சினை முற்றும்போது மடி தானாக வற்றும், முட்டிக் குடிக்கவும் விடாது. யாரும் யாரையும் பிரிக்காமலே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

நாயைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மேல்மலையில் நாய் இல்லாத தோட்ட வீடு நான் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். கன்றுக்கு நாய் விளையாட்டுத் தோழனாக ஆகிவிட்டால் அது ஆபத்து. உங்கள் காட்டில் செந்நாய் இருக்கிறது. காட்டில் வளர்ந்த கன்று செந்நாயைக் கண்டதும் பெரிய பசுக்களின் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும், பசுக்கள் கொம்பை வெளிப்பக்கம் காட்டி நிற்கும். உங்கள் மாசி வாலை ஆட்டிக்கொண்டு எதிரே போய் நிற்பான். செவலைக்கு இதெல்லாம் சொல்லித் தரத் தெரியாது, பாவம். ஆபத்து வந்தால் கூட்டத்தில் ஒன்று சீட்டி அடிக்கிற மாதிரி மூச்சை விடும், அந்த சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதை அவன் அங்கே போய்த்தான் படிக்க வேண்டும். ஆகவே நாயை இன்றே கட்டுங்கள்.

நோய் விஷயம் நான் மருத்துவன் என்பதால் விட முடியாது. உங்கள் நாலு மாட்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி (வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்) தடுப்பூசி தவறாமல் போட்டாக வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசம். தினமும் இரண்டு உலகத்துக்கும் போய் வருகிற கன்று, நோயையும் சுமந்து போகும். 1968இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) புகுந்து காட்டுமாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். கோமாரி இன்னும் ஒழியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் உங்கள் மாடுகளை அவனோடு சேர்ந்து குடிக்க விடாதீர்கள், மேலே ஓடைத் தண்ணீர் இருக்கிறது.

கொழுந்தனார் சொன்ன கேஸ் விஷயம் வெறும் பயமுறுத்தல் அல்ல. காட்டுமாடு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பிடித்து வைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை. கோயிலுக்கு நேர்ந்துவிட்டாலும் இதே கதைதான், சாமி பேரைச் சொல்லி மூக்கணாங்கயிறு போட முடியாது. வனக்காவலர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் வாய்வார்த்தை உங்களைக் காப்பாற்றாது. என்று வந்தது, எப்படி வந்தது, கட்டவில்லை, அடைக்கவில்லை, கூட்டம் எந்த நேரம் எங்கே வருகிறது என்று ஒரு பக்கம் எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவன் பக்கத்துத் தோட்டத்துப் பூண்டை மேய்ந்தாலோ யாரையாவது முட்டினாலோ அந்தத் தாள் உங்களுக்கு வேண்டும். மேற்கொண்டு என்ன செய்வது என்ற முடிவும் அவர்களுடையதுதான். நான் எழுதியதை அவர்களிடம் காட்டி, அவர்கள் மாற்றிச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

கிடேரிகளை அவனோடு சேர்த்தால் வீரியமான கலப்பு வித்து கிடைக்கும் என்று ஊரில் யாராவது கிளப்புவார்கள், கிளப்பாமல் இருக்க மாட்டார்கள். அப்படிப் பிறக்கும் காளைக்கன்று மலடாக இருக்கும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கூட்டம் அவனைச் சேர்த்துக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? ஒன்றாக மேய்வதை வைத்து நம்பாதீர்கள், மேயும்போது யாரும் யாரோடும் நிற்பார்கள். கூட்டம் படுத்து அசை போடும்போது அவன் ஓரத்தில் தனியாகப் படுத்திருக்கிறானா, மற்ற கன்றுகளுக்கு நடுவில் படுத்திருக்கிறானா என்று பாருங்கள். நடுவில் படுத்தால் வேலை முடிந்தது. வரும் மாசி மாதம் வரைக்கும் அது நடக்கவில்லை என்றால் வனத்துறை வேறு வழி யோசிக்க வேண்டியிருக்கும். வண்டலூர் உயிரியல் பூங்காவில் காட்டுமாடுகள் இருக்கின்றன. ஆனால் மேலே பைன் ஓரத்தில் ஒருத்தி நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

கடைசியாகப் பையன். அவனிடம், தொடாதே, கூப்பிடாதே என்று மட்டும் சொன்னால் ஒளிந்து போய்த் தொடுவான். ஒரு நோட்டைக் கொடுங்கள். தினமும் சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலிருந்து, எத்தனை மணிக்குக் கூட்டம் வந்தது, எத்தனை உருப்படி, எத்தனை கன்று, மாசி எவ்வளவு தூரம் போனான், யார் பக்கத்தில் நின்றான் என்று எழுதச் சொல்லுங்கள். வனத்துறைக்கு அந்த நோட்டு தங்கம். கிழிந்த இடது காது அடையாளமும் நல்லதாகப் போயிற்று, நாளைக்குக் கூட்டத்தில் பத்துக் கன்று இருந்தாலும் அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

மறந்துவிடுவானா என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். மாடு ஆள் முகத்தைச் சீக்கிரம் மறக்காது. நமக்கு வேண்டியது, அவன் நினைவில் வைத்துக்கொண்டும் கிட்டே வராமல் இருப்பது. ஐந்தாறு வருஷம் கழித்து, காது கிழிந்த பெரிய காளை ஒன்று கேரட் தோட்டத்து மேட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தால், பேர் சொல்லிக் கூப்பிடாமல் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.